முதலில் எனக்குப் பண்ணுங்க

ரேஷன் கடையில் ஒரு முறை புழுங்கல் அரிசி என்று ஒரு சரக்கு போட்டார்கள். யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோய், எந்தக் கிடங்கில் எத்தனை மழை நனைந்ததோ தெரியாத மூட்டைகள் வந்துகொண்டிருந்தன. மூக்கருகே கொண்டுபோனால் ஈரச் சாக்கு நாற்றம். தெற்கு வீதியில் ஒரு வீட்டில் அதைச் சமைத்துத் தின்று எல்லோருக்கும் வயிற்றால் போகிறது என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நாலு குடித்தனம். நாலு வீட்டுப் பெண்களும் முறத்தில் அரிசியைப் பரப்பி வைத்துக்கொண்டு, அடுப்பை மூட்டாமல் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்கா மட்டும் ஒரு கைப்பிடி அரிசியைக் களைந்து சின்னச் சட்டியில் ஆக்கினாள். உப்புப் போட்டுப் பிசைந்து, கிணற்றடியில் உட்கார்ந்து தின்றாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பொழுது திரும்பட்டும். எனக்கு ஒண்ணும் ஆவலைன்னா ஒல வையுங்க" என்றாள்.

நான் அந்த வீட்டுக்கு வந்து அதிக நாளாகவில்லை. சாய்ந்திருப்பவள் தூங்குகிறாளா, மயங்கிவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு எப்போதும் கண் மூடினாற்போலத்தான் இருக்கும். பயத்தில் அடிக்கடி "அக்கா" என்று கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அலுப்போடு "இருக்கேன்டி" என்றாள்.

பிற்பகலில் எழுந்து உட்கார்ந்தாள். "வயிறு கொஞ்சம் பொருமுது. பொய் சொல்லக் கூடாது. மொதக் கஞ்சிய வடிச்சி கொட்டிட்டு, சீரகம் போட்டு ஆக்குங்க. புள்ளைங்களுக்குக் கொறச்சலாப் போடுங்க." அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் புகை எழும்பியது.

அவள் பேரை நான் எழுதப்போவதில்லை. பேர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதும் இல்லை. எங்களுக்கு அக்கா. அவள் வீட்டுக்காரருக்கு 'இந்தா'. தெருவில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். சிதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு. என் வீட்டுக்காரருக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. அக்காவின் வீட்டுக்காரர் கீழவீதியில் ஒரு காபி ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். விடிவதற்கு முன் போய், அடுப்பை அணைத்துவிட்டு வருவார். எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று நின்று பேச்சையே மறந்துவிட்டவர். அவரை நான் மாமா என்பேன்.

பிறந்ததிலிருந்தே அக்காவுக்கு இரண்டு இமையும் கீழே தொங்கியிருக்கும். அடியில் ஒரு கீற்றுதான் திறப்பு. எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் மோவாயை மேலே தூக்கி, புருவத்தை நெற்றிக்கு ஏற்றி, அந்தக் கீற்று வழியாகப் பார்ப்பாள். தலையைக் குனிந்தால் தூங்குமூஞ்சி. நிமிர்ந்தால் திமிர் பிடித்தவள். இரண்டும் அவள் காதில் விழும். திரும்பிக் கேட்கமாட்டாள். சாயங்காலமானால் உள்ளங்கையால் நெற்றியை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"எல்லாரும் வேல செஞ்சா கை வலிக்குது, கால் வலிக்குதுன்றீங்க. எனக்கு நெத்திதான்டி வலிக்குது. காலைலேர்ந்து இந்த ரெண்டு எமையத் தூக்கித் தூக்கி, சாயங்காலம் ஒரு மூட்ட நெல்லு சுமந்த மாதிரி ஓய்ஞ்சி போவுது."

நல்லது எதற்கும் அவள் முதலில் வந்து நான் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய் வந்தால் கடைசியாகப் போவாள். தேர் பார்க்கப் போனால் பின்னால் நிற்பாள். கஷ்டமான காரியம், யாருக்கும் என்ன ஆகும் என்று தெரியாத காரியம் வந்தால் மட்டும் எங்கிருந்தோ முன்னால் வந்து நின்றுவிடுவாள். ஆருத்ராவுக்குக் கூட்டம் சேருகிறது என்று சுகாதாரக்காரர்கள் காலரா ஊசியோடு சந்துக்குள் வந்தார்கள். ஊசி போட்டால் கை விழுந்துவிடும் என்று ஒரு புரளி. சந்தே கதவைத் தாழிட்டுக்கொண்டது. அக்கா வெளியே போய்க் கையை நீட்டினாள். போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

"குத்தும்போது சுருக்குன்னுது, அவ்வளவுதான். கை வீங்கும். ராவுக்குக் காய்ச்சல் வரும்னு சொல்றாரு. வந்தா சொல்றேன்."

வந்தது. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே சொல்லி அனுப்பினாள்: "காய்ச்சல் நெசம்தான். காலைல எறங்கிடும் போலருக்கு. கை எங்கியும் விழல." மறுநாள் சந்து முழுவதும் ஊசி போட்டுக்கொண்டது. வலிக்காது என்று அவள் சொல்லியிருந்தால் ஒருத்தரும் வந்திருக்கமாட்டார்கள். வலிக்கும் என்பதை மறைக்காததால்தான் அவளை நம்பினார்கள்.

ஏன் இப்படி என்று நான் முதலில் மாமாவிடம்தான் கேட்டேன். அபூர்வமாக அன்றைக்கு அவர் வாயைத் திறந்தார். "மொதல்ல ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துதும்மா. வயித்துப்போக்குக்கு யாரோ ஒரசிக் குடுத்த மருந்த ஊத்துனா. போயிடுச்சி. அதுலேர்ந்து எதுவா இருந்தாலும் தான் வாயில போட்டுக்கிட்டுதான் அடுத்தவங்களுக்கு."

பிறகு ஒரு நாள் அவளிடமே கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவுரு அப்படித்தான் சொல்லுவாரு. அது இல்லடி. உனக்கு ஒருத்தர் மொகத்தப் பாத்தா வலிக்குதா இல்லியான்னு தெரியும். எனக்கு மொகம் எங்க தெரியுது? மோவாயத் தூக்குறதுக்குள்ள அவுங்க மொகம் மாறிடுது. நானே பட்டாதான் எனக்குத் தெரியும்."

அந்த முதல் குழந்தைக்குப் பிறகு பிறந்தவள் வடிவு. ஒரே பெண். அம்மாவின் கண்ணே அவளுக்கும், இன்னும் மோசமாக. அக்காவுக்கு ஒரு கீற்றாவது இருந்தது. வடிவுக்கு இமை கருவிழியை முழுக்க மூடியிருந்தது. எதையாவது பார்க்க வேண்டுமானால் இரண்டு ஆள்காட்டி விரலாலும் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். இரண்டு கையும் கண்ணில் இருந்தால் எதைப் பிடித்து விளையாடுவது? தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே ஓடுவாள், விழுவாள். முழங்காலில் ஆறாத புண் இருந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார், "வந்ததுமே தூங்குதே, வூட்டுலயே தூங்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து அன்று முழுவதும் நெற்றியை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் நான் தலைப்பிரசவத்துக்காகக் கடலூரில் மஞ்சக்குப்பத்தில் இருந்த என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு அப்போதுதான் கண்புரை எடுத்திருந்தார்கள். பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒரு கண் டாக்டர் பெரியாஸ்பத்திரிக்கு வந்திருந்தார். யுத்தத்தில் வெந்துபோன முகங்களை, இமை கருகிய சிப்பாய்களைத் தைத்துச் சரிசெய்தவர் என்று அம்மா சொன்னாள். எனக்கு வடிவு ஞாபகம் வந்தது. குழந்தையைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரமே அக்கா ரயிலேறி வந்துவிட்டாள். திருவந்திபுரம் கோயிலில் வடிவுக்கு முடி இறக்கிவிட்டு அப்படியே டாக்டரையும் பார்த்து வருவதாக மாமாவிடம் சொல்லியிருந்தாள். "பாத்துட்டு வா. கத்தி மட்டும் வேணாம். ஒண்ண மண்ணுக்குக் குடுத்தாச்சி" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மொட்டைத் தலையோடு இருந்த வடிவை டாக்டர் வெளிச்சத்தில் நிறுத்தினார். இமையைத் தூக்கிப் பார்த்தார். புருவத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, "மேல பாரு கண்ணு" என்றார். இமை அசையவே இல்லை.

"தூக்குற தசையே இல்லம்மா" என்றார். "இப்படியே விட்டா கண்ணு பார்க்கிறதையே மறந்துடும். கழுத்தும் கோணிடும். சீக்கிரம் பண்ணணும்."

"எப்படிப் பண்ணுவீங்க?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்பதில்லை போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். "தொடையில தோலுக்குக் கீழ வெள்ளையா ஒரு நார் இருக்கு. அதுல ஒரு கீத்து எடுப்பேன். அதால எமையையும் நெத்தித் தசையையும் கோத்து விட்டுடுவேன். அப்புறம் புருவத்தத் தூக்கினா எமையும் கூட வரும்."

"எவ்வளவு இழுப்பீங்க?"

"அதுதான் கஷ்டம். கொஞ்சமா இழுத்தா பிரயோஜனம் இல்ல. ஜாஸ்தி இழுத்துட்டா கண்ணு மூடாது. கொழந்தைக்கு மயக்கம் குடுத்துதான் பண்ணணும். அதுவும் சொல்லாது, நானும் கேக்க முடியாது. ஒரு அனுமானம்தான்."

அக்கா மோவாயைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "எனக்கும் அதே கண்ணுதாங்க. முதலில் எனக்குப் பண்ணுங்க. நான் சொல்லுவேன்."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. "நீ இத்தன வருஷம் சமாளிச்சிட்டேம்மா. உனக்கு எதுக்கு? ஒவ்வொருத்தர் தசை ஒரு மாதிரி இருக்கும்."

"அவ என் வயித்துல பொறந்தவ. என் கண்ணு மாதிரிதான் இருக்கும். எனக்கு மயக்க மருந்து வேணாம். முழிச்சிக்கிட்டே இருக்கேன். இழுக்க இழுக்கச் சொல்றேன்."

டாக்டர் மறுத்து அனுப்பிவிட்டார். மறுநாளும் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் வடிவை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். கடைசியில் அவரே வெளியே வந்தார். "வலது கண்ணு மட்டும்" என்றார். "பாத்துட்டு அப்புறம் பேசலாம்."

அன்றைக்கு அவளை உள்ளே கொண்டுபோனவர்கள் மதியத்துக்குப் பிறகுதான் வெளியே கொண்டுவந்தார்கள். தொடையில் ஒரு கட்டு, கண்ணில் ஒரு கட்டு. ஊசி போட்டு மரக்க வைத்துத்தான் செய்தார்கள்; ஆனாலும் அவள் உதடு வெள்ளையாகிக் கிடந்தது. நான் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள்.

"கால்ல கத்தி தெரியல. நாரப் பிச்சி எடுக்கும்போதுதான் அடிவயிறு வரைக்கும் இழுத்துது. கண்ணுல வலி இல்ல. ஆனா நெத்திக்குள்ள நார் போறது தெரியுதுடி. ஈர வாழநாரப் பூவுக்குள்ள கோத்து இழுப்போமில்ல, அது மாதிரி. வடிவு தூங்கிட்டிருப்பா. அவளுக்கு அது தெரியாது. நல்லது."

கட்டுப் பிரித்த நாளில் நான் கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றேன். வீக்கம் வடிந்து வலது கண் திறந்தது. கருவிழி வெளிர் பழுப்பு. கெடில ஆற்றுத் தண்ணீர் மாதிரி. அதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. தலையைத் தூக்காமல், நேராக என்னைப் பார்த்தாள்.

"நேராப் பாத்தா வேற ஆளு மாதிரி இருக்கியேடி" என்றாள். அதற்கப்புறம் என் கையில் இருந்த குழந்தையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் நெற்றியை அமுக்கவில்லை.

இரண்டு மூன்று நாளில் விஷயம் தெரிந்துவிட்டது. வலது கண் மூடவில்லை. தூங்கும்போதும் பாதிக்கு மேல் திறந்தே கிடந்தது. காலையில் கண்ணுக்குள் மணலைக் கொட்டினாற்போல எரிந்து சிவந்திருந்தது. டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் ஜாஸ்தி இழுத்துட்டேன்மா" என்றார். "நீ போதும்னு சொன்ன எடத்துலயே நிறுத்தியிருக்கணும். தழும்பு எறுகினா இன்னும் சுருங்கும்னு எனக்குத் தோணாமப் போச்சி. அவுத்துவிட்டா நார் அறுந்து பழையபடி விழுந்துடும். எண்ணெ விட்டு, துணி கட்டித் தூங்கு. எடது கண்ணு வேணாம். விட்டுடுவோம்."

"அப்படி விடக் கூடாதுங்க" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "எவ்வளவு கூடாதுன்னு இப்ப தெரிஞ்சிடுச்சி. எவ்வளவு வேணும்னு இன்னும் தெரியலையே. இதோட நின்னுட்டா இந்தக் கண்ணு வீணாப்போன மாதிரிதானே?"

இடது கண்ணைச் செய்த அன்று மேஜைமேல் என்ன நடந்தது என்பதை நர்சம்மா எனக்குச் சொன்னாள். டாக்டர் ஒவ்வொரு முடிச்சுக்கும் நிறுத்தி அவளை எழுப்பி உட்கார வைத்தாராம். கண்ணை மூடச் சொல்வார், திறக்கச் சொல்வார். "இன்னும் ஒரு நூல் அளவு விடுங்க" என்று அவள் சொல்வாள். அவர் விடுவார். ஒருவரும் அவசரப்படவில்லையாம். கடைசியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப இருட்டா இருக்குங்க. முழுசா இருட்டா இருக்கு" என்றாளாம். டாக்டர் அந்த இடத்தில் முடிச்சைப் போட்டார்.

அந்தக் கட்டைப் பிரித்த பிறகுதான் மாமா வந்தார். இவ்வளவு நாள் ஆகிறதே என்று என் வீட்டுக்காரரைத் துளைத்து எடுத்து, விஷயத்தைத் தெரிந்துகொண்டு காலை ரயிலில் திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தவர். கையில் காராபூந்திப் பொட்டலம். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னா அப்படிப் பாக்குற?" என்றார்.

"பாக்கலைங்க. அது மூடல."

பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "உன்னக் கெடுத்துக்கிட்ட. சரி. அது உன் இஷ்டம். புள்ளையத் தொட விடமாட்டேன். இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்."

அக்கா தாவி எழவில்லை, அழவில்லை. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"இங்க வாங்க. கிட்ட வந்து இந்தக் கண்ண மட்டும் பாருங்க."

அவர் வரவில்லை. "வாங்க மாமா" என்று நான் சொன்ன பிறகு வந்தார். அவள் இடது கண்ணை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். மெதுவாக, ஒவ்வொன்றாக. இமை கீழே வந்து கண்ணை முழுக்க மூடியது. புருவத்தைத் தூக்கியதும் திறந்தது.

"வடிவுக்கு ரெண்டும் இது மாதிரி" என்றாள். "அளவு தெரிஞ்சிடுச்சி. நான் பட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் தெரியாம ஊத்துன மருந்து இல்லைங்க இது."

மருந்து என்ற சொல்லுக்கு மாமாவின் முகம் கோணியது. அவர் கட்டிலில் உட்கார்ந்து தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று அதற்கப்புறம் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அன்று ரயிலுக்குப் போகாமல் இருந்துவிட்டார்.

வடிவு பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன். அம்மாவின் வலது கண்ணைப் பார்த்ததும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தொடையில் எங்கே வெட்டுவார்கள், எந்த நாளில் கண் அரிக்கும், அப்போது கையைக் கட்டி வைப்பார்கள், அதற்கு அழலாம், ஆனால் இழுக்கக் கூடாது.

"தூங்கவெக்கிற மருந்து?" என்று கேட்டாள் வடிவு.

அக்காவுக்கு அது தெரியாது. அவளுக்கு மயக்கம் கொடுக்கவில்லையே. நேராக டாக்டரிடம் போனாள். அந்தக் குளோரோபாரத்தை ஒரு தடவை மோந்து பார்க்க வேண்டும் என்றாள். டாக்டர் சிரித்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். பஞ்சில் ஒரு சொட்டு விட்டு நீட்டினார். மோந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"கெட்டுப்போன வெல்லப்பாகு மாதிரி இருக்கும். தொண்டைல இனிக்கும். தல சுத்தும். சுத்தினா பயப்படாத, அப்படியே போயிடு."

வடிவு அப்படியே போனாளாம். முகமூடியை வைத்தபோது, "வெல்லப்பாகு" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள் என்று நர்சம்மா சொன்னாள்.

வடிவின் கண் நன்றாக வந்தது. இரண்டு கண்ணும் ஒரே அளவு. தூங்கும்போது ஒரு நூல் அளவு வெள்ளை தெரியும், அவ்வளவுதான். கட்டைப் பிரித்ததும் கைகளைக் கண்ணுக்குக் கொண்டுபோய், வேண்டாம் என்று தெரிந்ததும் அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் காற்றில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மாமாவின் மீசையைப் பிடித்து இழுத்தாள். பள்ளிக்கூடத்தில் அதே வாத்தியார் அவளைச் சேர்த்துக்கொண்டார்.

சிதம்பரத்துக்குத் திரும்பிய பிறகு அக்காவுக்குக் கிடைத்தது வேறு. இமை தொங்கியபோது தூங்குமூஞ்சி என்றவர்கள், இப்போது கண் வைக்கிறாள் என்றார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அவள் வந்தால் முந்தானையால் வயிற்றை மறைத்துக்கொண்டார்கள். மத்தியானத்தில் அவள் கூடத்தில் படுத்துத் தூங்கும்போது வலது கண் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு திறந்து கிடக்கும். அதைப் பார்த்த பக்கத்துக் குடித்தனத்துப் பிள்ளை அலறிக்கொண்டு ஓடியதிலிருந்து அவள் பகலில் படுப்பதையே விட்டுவிட்டாள். நான் மட்டும் என் பிள்ளையை அவள் மடியில் போடுவேன். "எடுத்துக்கடி, யாராவது எதாவது சொல்லுவாங்க" என்பாள். ஆனால் கொடுக்கமாட்டாள்.

இரவில் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஈரத் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு படுப்பாள். துணி நழுவிவிடும். எரிச்சலில் எழுந்துவிடுவாள். எழுந்தால் அப்புறம் தூக்கம் வராது. சித்திரை வெயிலும், தேரோடும் வீதிப் புழுதியும் அந்தக் கண்ணுக்கு ஆகவில்லை. வருஷம் ஓட ஓட, வெளிர் பழுப்பு மேல் ஒரு வெள்ளைப் படலம் ஏறியது. ஒரு கண்ணால்தான் கீரை ஆய்ந்தாள், ஒரு கண்ணால்தான் அடுப்பு ஊதினாள். ரேஷனில் கோதுமை என்று ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, அதை எப்படித் தின்பது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தபோது, அவள்தான் முதலில் கஞ்சி காய்ச்சிக் குடித்தாள். கண் வைக்கிறவள் என்று சொன்னவர்களும் அன்றைக்கு வந்து கதவருகில் நின்று, "எப்படி இருக்குது?" என்று கேட்டார்கள். "பிசுபிசுன்னு இருக்கு. பசி நிக்குது" என்றாள்.

"உனக்குச் சலிக்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"சலிக்குதுடி" என்றாள். "ரொம்பச் சலிக்குது."

சுதந்திரம் வந்து ஒரு வருஷமோ இரண்டோ ஆகியிருக்கும். வலது கண்ணில் புண் வந்தது. தலையே வெடிக்கிற மாதிரி வலி. மறுபடியும் கடலூருக்கே போனோம். அந்த டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் பார்த்துவிட்டு, பார்வை இனி வராது, கண்ணையாவது வைத்துக்கொள்ளலாம், மேல் இமையையும் கீழ் இமையையும் சேர்த்துத் தைத்து மூடிவிடுகிறேன் என்றார்.

இந்தத் தடவை மாமா எங்களோடு வந்திருந்தார். ஹோட்டலில் என்ன சொன்னாரோ, எப்படி விட்டார்களோ தெரியாது. வடிவும் வந்தாள். ஒன்பது வயதுப் பெண், இரட்டைச் சடை.

ஆபரேஷன் அறை வாசலில் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கா தள்ளுவண்டிக் கட்டிலில் படுத்திருந்தாள். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, தைக்கிறது ரொம்ப வலிக்குமா?" என்றாள்.

அத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்பதற்கு அவளுக்கு முன்னால் போய் வந்தவர் யாரும் இருந்ததும் இல்லை. வலிக்காது என்று சொல்ல வாய் வந்தது. அவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

"ம்" என்றாள். "சரி." அதற்குள் கதவைத் திறந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே கொண்டுவந்தபோதே தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கண்மேல் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. இடது கண் தானாக மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி மூச்சு விட்டாள். மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தோள் துண்டால் ஈ ஓட்டினார். மத்தியானம் நர்ஸ் ஒருத்தி கஞ்சிக் குவளையோடு வந்து அவள் தோளைத் தொட்டு எழுப்பப் போனாள். மாமா எழுந்து நின்று கும்பிட்டார்.

"எழுப்பாதீங்கம்மா. கஞ்சி அப்புறம் குடிப்பா."

நர்ஸ் குவளையை மூடி வைத்துவிட்டுப் போனாள். வடிவு அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, இமை கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரயிலுக்கு நேரமாயிற்று. சொல்லிக்கொண்டு போகலாம் என்று நின்றேன். அக்கா புரண்டுகூடப் படுக்கவில்லை. மாமா துண்டை வீசிக்கொண்டே, போய் வா என்று தலையை மட்டும் அசைத்தார்.